கூடைக் கயிறு பட்ட இடம்

மதினி,

இன்று உப்பு டின்னைத் திறக்கும்போது, அதை மூடி வைத்திருந்த தாளில் பாதிப் படம் தெரிந்தது. கூடையும் சிரிப்புமாக ஒரு பெண். நம் பேத்தி ஹட்டன் நெட் கடையில் காசு கொடுத்து அச்செடுத்து வந்த தாள். கடைசியில் உப்புக்காவது உதவுகிறது.

தேயிலைத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி ஒப்படைக் கட்டுரை எழுதச் சொல்லிக் கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள் என்று அவள் சொன்ன மறுநாள், இருமலோடு எழுந்து தலைக்கு எண்ணெய் வைத்தீர்கள். முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தீர்கள். என் அண்ணனைக் கட்டி வந்த நாளிலிருந்து என்னோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர் நீங்கள். கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி உச்சியில் விழுந்த பள்ளம் பளிச்சென்று தெரிந்தது.

"புள்ள கேட்டா மொதல்ல இதத் தொட்டுப் பாக்கச் சொல்லணும்" என்றீர்கள்.

புள்ள கேட்கவில்லை. உங்களைத் தாண்டி பஸ்ஸுக்கு ஓடினாள். சாயந்தரம் இணையக் கலைக்களஞ்சியத்தின் தாள்களோடு வந்து, அழகான கையெழுத்தில் அப்படியே பார்த்து எழுதினாள். ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் 'தொகு' என்று இருந்தது. அதையும் விடவில்லை. இது என்னடி என்றேன்.

"தெரியல அப்பாயி. அதுல இருந்துச்சு."

திரையில் பக்கத்தைத் திருத்த அமுக்கும் சொல்லாம் அது, பிறகுதான் தெரிந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டைப் பார்த்து எழுதினாலும், புரியாததை விட்டுவிடும் கூச்சம் எங்களுக்கு இருந்தது. இதுகளுக்கு அதுவும் இல்லை. வகுப்பில் பாதிப் பேர் அதே பக்கத்தைத்தான் கொடுத்தார்களாம். லெக்சரர் எல்லாருக்கும் நல்ல புள்ளி போட்டாராம். அவரும் படித்திருக்க மாட்டார்.

நீங்கள் இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டீர்கள். "கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ள இருக்கவங்களுக்கு நம்மள விட நல்லாத் தெரியுமாக்கும்."

அந்த மழைக்காலம் முடியுமுன் போய்விட்டீர்கள். குளிப்பாட்டும்போது எண்ணெய் வைத்தவள் நான்தான். விரல் அந்தப் பள்ளத்தில் நின்றது. பேத்தி வாசலில் அழுதுகொண்டிருந்தாள். வந்து தொட்டுப் பார் என்று கூப்பிட வாய் வரை வந்தது. கூப்பிடவில்லை.

இப்போது அவள் டீச்சர். தன் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அதே ஒப்படையைக் கொடுத்திருக்கிறாள். தாள் எடுக்க எந்தக் கடை மலிவு என்றும் சொல்லிக் கொடுத்தாளாம்.

என் உச்சியிலும் அதே பள்ளம் இருக்கிறது, மதினி. நான் உங்களைப் போல வாசலில் உட்கார்ந்து காத்திருக்க மாட்டேன். கேட்டு வந்தால் காட்டுவேன். அதுவரை முந்தானை தலையில்தான் இருக்கும்.