ஒண்ணரை மணிக்கூர்

அப்பா,

உங்கள் பதிமூன்று நாள் காரியங்கள் முடிந்து நான் திருச்சிக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகப்போகிறது. கரமனைக்கு வரும்போது விமானத்தில் உடுத்தியிருந்த புடவையை இரண்டு தரம் துவைத்தாயிற்று. பெட்ரோல் வாசனை போகவில்லை. இன்று மடிக்கும்போதும் அடித்தது. உடனே கோபம் வந்தது. துக்கமல்ல, கோபம்தான்.

திருச்சி வரனைப் பேசி முடித்தபோது நான் அழுதேன். காலேஜில் சேர வேண்டும், கரமனையை விட்டு அவ்வளவு தூரம் போகமாட்டேன் என்றேன். நீங்கள் அதட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சங்குமுகத்து மைதானத்துக்கு அழைத்துப் போனீர்கள். தபால் விமானம் இறங்குவதைப் பார்க்கக் கூட்டம் நின்றிருந்தது.

"பாத்தயா? இதுல ஏறினா திருச்சிக்கு ஒண்ணரை மணிக்கூர்தான். ரயிலுக்குத்தான் ராத்திரியும் பகலும். அம்மாவைப் பாக்கணும்னு தோணினா காலம்பற பொறப்பட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துடலாம், கேட்டயா?" என்றீர்கள்.

ஆபீஸில் யாரிடமோ கேட்டுவைத்த கணக்கு. நம் தெருவில் அதுவரை ஒருவரும் விமானத்தில் ஏறியதில்லை. அது எனக்கும் தெரியும். ஆனாலும் நம்பினேன். சொன்னது நீங்களாயிற்றே.

சில வருஷங்களில் அம்மாவுக்கு டைபாய்டு வந்தது. 'சற்று ஜுரம், கவலை வேண்டாம்' என்று எனக்குக் கார்டு போட்டீர்கள். அடுத்து வந்தது, எல்லாம் முடிந்துவிட்டதென்ற தந்தி. செங்கோட்டை வழியாக ரயிலில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வந்தேன். வாசலில் தம்பி நின்றிருந்தான்.

"அம்மா ஒன்னையே கேட்டுண்டிருந்தா அக்கா. தெருவுல வண்டிச் சத்தம் கேட்டா, அவதானா பாருடான்னு சொல்லுவா."

நேரே உங்களிடம் வந்தேன். "முன்னாடியே ஒரு தந்தி அடிச்சிருந்தா பிளேன்ல வந்திருப்பேனேப்பா!"

"பிளேனெல்லாம் நம்மை மாதிரி இருக்கிறவாளுக்குச் சொன்னதா? நீ வெறுதே அலைய வேண்டாம்னாக்கும் கார்டு போட்டேன்."

வெறுதே! பெற்றவளைப் பார்க்க வருவது வீண் அலைச்சலா? அப்படியானால் மைதானத்தில் சொன்னது எதற்கு? என்னைக் கல்யாணத்துக்குத் தலையாட்ட வைக்கவா? கேட்க வேண்டியதையெல்லாம் விழுங்கிக்கொண்டேன். வீட்டில் சாவு நடந்திருக்கிறதே என்று பார்த்தேன்.

இந்தத் தடவை நீங்கள் படுக்கையில் விழுந்ததும் தம்பி உடனே தந்தி அடித்தான். என் வீட்டுக்காரர் விமான டிக்கெட் வாங்கி வந்தார். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று ரயில் முக்கி முனகி ஏறிய மலை, கீழே கொஞ்ச நேரத்தில் கடந்து போய்விட்டது. அதைப் பார்த்துத்தான் அழுதேன். எனக்குப் பயமென்று நினைத்து அடுத்த சீட்டுக்காரர் சமாதானம் சொன்னார்.

நீங்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டீர்கள்.

"எப்படி வந்தே?"

"பிளேன்ல."

"எத்தனை நேரமாச்சு?"

"ஒண்ணரை மணிக்கூர்."

உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. தம்பியைப் பார்த்து, "நான் அன்னிக்கே சொன்னேனோல்லியோ?" என்றீர்கள். அம்மாவின் நினைவு உங்களுக்கு வரவேயில்லை.

மறுநாள் போய்விட்டீர்கள். துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம், "அப்பாவுக்காகப் பறந்து வந்தாளே, பொண்ணுன்னா இவளாக்கும்" என்று என்னை மெச்சினார்கள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்களுக்காக வர முடிந்ததில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. நான் வர வேண்டியிருந்தது அம்மாவுக்காக. அதை அன்றே உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள், அப்பா. அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.