சத்தம் கேட்கவில்லை என்றால்

கர்த்தருக்குள் பிரியமான டாக்டரம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நீ நர்ஸ்தான், ஆனால் நம் வீட்டில் அந்தப் பதவியை உனக்குக் கொடுத்து எத்தனையோ வருஷமாயிற்று. வார்டே உன்னை சிஸ்டர், சிஸ்டர் என்கிறது. நான் ஒருவன்தான் அப்படிக் கூப்பிட முடியாதவன். ஆண்டவருடைய கிருபையால் நானும் நம் சின்னவளும் சுகமாக இருக்கிறோம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நோயாளிகளைத் தூக்கும்போது பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொள் என்று போன தடவையே எழுதினேன். நீ கேட்டிருக்கமாட்டாய்.

இதை டூட்டிக்குப் போகும் அவசரத்தில் பிரிக்காதே. அறைக்கு வந்து, முகம் கழுவி, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு படி. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஃபோனில் கொட்டிவிடலாம் என்று வாய்வரை வந்துவிட்டது. பெரிய விஷயமென்றால் கடிதத்தில்தான் என்று கல்யாணத்துக்கு முன்பே பேசி வைத்திருக்கிறோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். நல்ல ஏற்பாடுதான் அது. ஃபோனில் என்றால் நீ அழுவாய், நான் ஏதாவது தமாஷ் பண்ணிப் பேச்சை மாற்றுவேன், விஷயம் அந்தரத்தில் நிற்கும்.

முதலில் வீட்டுச் செய்தி. சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஸ்தோத்திரம் என்று சொல்லச் சொன்னால் வெறும் காற்றுதான் வருகிறது. ஓய்வுநாள் பள்ளி டீச்சர் அவளை ஜெபிக்கச் சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். குளியலறைக் குழாய் சொட்டுகிறது, சொட்டுகிறது என்று நீ இருக்கும்போது தலைபாடாக அடித்துக்கொண்டாயே, அதைச் சரிபண்ணிவிட்டேன். இப்போது மட்டும் எப்படிச் சுறுசுறுப்பு வந்தது என்று கேட்பாய். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று வாசலிலேயே நின்று படித்தேன். ஆஸ்பத்திரியில் உன்னை நிரந்தரமாக்குகிறார்கள், குடும்பத்தோடு தங்க வீடும் தருகிறார்கள் என்றதும் சந்தோஷத்தில் சின்னவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், ஒன்று நாங்கள் இருவரும் அங்கே வர வேண்டும், இல்லையென்றால் நீ வேலையை விட்டுவிட்டு இங்கே வர வேண்டும் என்ற இடம் வந்ததும் அவளை இறக்கி விட்டேன். கடைசியில் எழுதியிருந்தாய்: எனக்காக என்று வர வேண்டாம், தேவ சத்தம் என்னவென்று கேளுங்கள், அதன்படி செய்வோம் என்று.

என் மனசில் இருந்ததை மறைக்காமல் சொல்கிறேன். இங்கே கம்பெனியில் என்னை சூப்பர்வைசர் ஆக்கப்போகிறார்கள். அந்த நாட்டில் என் லிஃப்ட் மெக்கானிக் சர்டிஃபிகேட் செல்லாது என்று நீயே விசாரித்து எழுதியிருக்கிறாய். மறுபடி ஹெல்ப்பராகத்தான் ஆரம்பிக்க வேண்டும். இத்தனை பேருக்கு வேலை பழக்கிவிட்டவன், இனி எவனோ கை நீட்டினால் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பதா என்று மனசு முரண்டு பிடித்தது. சரி, நீயே வந்துவிடு என்று எழுதலாம் என்றால், நீ பரீட்சை மேல் பரீட்சை எழுதிப் பிடித்த வேலை. அதை விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே ஆண்டவரே சொல்லட்டும் என்று முடிவு பண்ணினேன். நீ இருந்தவரை சபைக்கு உனக்காக வந்தவன் நான். கடைசி வரிசை, கதவுப் பக்கம். நீ போன பிறகுதான் எனக்காகப் போக ஆரம்பித்தேன். புதுசாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு இருக்கிற உற்சாகம் உனக்குத் தெரியும். சத்தம் கேள் என்று என்னிடம் சொன்னால் விடுவேனா? என் பிழைப்பே சத்தம் கேட்பதுதானே. கதவு மூடுகிற சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவன் நான்.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன். சொட்டுகிற குழாயை நிறுத்தினேன். கடிகாரத்தைத் துணி அலமாரிக்குள் போட்டுப் பூட்டியதில் சின்னவள் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கே லேட். ரேடியோவை மேல்வீட்டு அம்மாவுக்கு இரவல் கொடுத்தேன். அந்த அம்மா அதை என் வீட்டில் வைத்ததை விடச் சத்தமாக வைத்தார்கள். வேலை இடத்திலும் மதியச் சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடி மெஷின் ரூமில் போய்க் கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என்னோடு வேலை செய்கிற நட்டு, எப்போதும் சட்டைப் பையில் நட்டு போல்ட்டோடு திரிவானே, அவன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, காது அடைச்சுக்கிச்சா? எண்ணெய் காய்ச்சி ஊத்தவா?" என்றான். உனக்கு ஒன்றும் புரியாது போடா என்றேன். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. கேபிள் உரசுவது கேட்டது, புறா கத்துவது கேட்டது. ஆண்டவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் தகுதி வரவில்லை போலிருக்கிறது என்று மனசு விட்டுப்போய்விட்டது.

போன வியாழக்கிழமை நான் வேலை பார்க்கிற அந்தக் கட்டடத்தில் கரன்ட் விட்டு விட்டு வந்ததில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டவர் யார் என்று நினைக்கிறாய்? சைரன் ஐயா. ரிட்டயர் ஆன போலீஸ் அதிகாரி, வாயைத் திறந்தால் கட்டடமே அதிரும், காவலாளி அவரைக் கண்டாலே செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார் என்று எழுதியிருந்தேனே, அவரேதான். நட்டு பக்கத்துக் கட்டடத்தில் இருந்தான். நான் கதவிடுக்கில் வாயை வைத்து, நான்தான் மெக்கானிக், இங்கேதான் இருக்கிறேன் என்று குரல் கொடுத்தேன். கருவியைத் தொடும் முன் குரலைக் கொடு என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். உள்ளேயிருந்து வந்த பதில் சைரன் மாதிரியே இல்லை. மெல்லிசாக, "தம்பி, போயிடாதப்பா, பேசிக்கிட்டே இரு" என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் அவருக்கு மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

பேசிக்கொண்டே இருந்தால் அவர் அங்கேயேதான் நிற்க வேண்டும். மேலே போய்ப் பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றினால்தான் லிஃப்ட் நகரும். அதை அவருக்குச் சொன்னேன். "ஐயா, உங்களைத் தூக்கணும்னா நான் மேல போகணும். மேல போனா என் சத்தம் உங்களுக்குக் கேக்காது. சத்தம் கேக்கலைன்னா பயப்படாதீங்க, வேலை நடக்குதுன்னு அர்த்தம்" என்றேன். வழக்கமாகச் சொல்கிற வார்த்தைதான், எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பாதிப் படியில் ஏறும்போது அது திரும்பி என் மண்டையிலேயே உறைத்தது. கால் அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் உள்ளே ஒருவர் காத்திருக்கிறார் என்ற நினைப்பு வந்து ஓடினேன்.

சக்கரத்தைச் சுற்றி முடித்து, இறங்கி வந்து கதவைத் திறந்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். தாமதத்துக்கு மன்னிச்சுக்குங்க, சீனியர் நான்தான், வேறு ஆள் இல்லை என்று நான் ஏதோ உளறினேன். "சீனியரோ ஜூனியரோ, அதை எவன் பாத்தான். ஆள் வந்தாச்சான்னுதான் பாத்தேன்" என்றார். பிறகு பழைய குரல் திரும்பி வந்துவிட்டது, காவலாளியைத் தேடிக்கொண்டு இறங்கினார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை போதகர் சாட்சி சொல்ல யாராவது உண்டா என்றதும் எழுந்து நின்றுவிட்டேன். ஆமாம், நான்தான், கடைசி வரிசைக்காரன். என் மனைவி தேவ சத்தம் கேட்கச் சொல்லி எழுதினாள் என்று ஆரம்பித்து, குழாய், கடிகாரம், சைரன் ஐயா எல்லாவற்றையும் சொல்லி, சத்தம் வராதபோதும் மேலே வேலை நடக்கிறது என்று முடித்தேன். பலர் அல்லேலூயா என்றார்கள். ஆராதனை முடிந்ததும் போதகரம்மா என்னிடம் வந்து, உன் கடிதத்தில் அந்த வரியைப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். பெருமையாகச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அந்த இடத்தை மட்டும் காட்டினேன். பார்த்தார்கள். மறுபடி பார்த்தார்கள். வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு, "அண்ணே, அவங்க சத்தம் கேக்கச் சொல்லல. சித்தம் கேக்கச் சொல்லியிருக்காங்க. சி-க்கு மேல வளைவு போட விட்டுட்டாங்க" என்றார்கள்.

முகமெல்லாம் அசடு வழிந்தது. ஒரு வளைவு! அதற்காகக் குழாயை ரிப்பேர் பண்ணி, பிள்ளையைப் பள்ளிக்கு லேட்டாக்கி, புறாக்களோடு உட்கார்ந்து, சபை நடுவில் சாட்சி வேறு சொல்லியாயிற்று. போதகரம்மா சிரித்து முடித்துவிட்டு, "சரி, சித்தம் என்னன்னு அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றார்கள். கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கு விளங்கியது. கேள் என்ற சொல்லுக்கு இரண்டு வேலை இருக்கிறது பார். காதால் கேட்பதும் கேட்பதுதான், வாயால் கேட்பதும் கேட்பதுதான். நான் இத்தனை நாளும் காதை மட்டும் திறந்து வைத்திருந்தேன். வாயைத் திறந்து அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதும் அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. எல்லோரும் நாற்காலிகளைத் தரதரவென்று இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, "ஆண்டவரே, எனக்கு ஞானம் பத்தல. கேட்டா போகச் சொல்லிடுவீங்களோன்னு பயந்துதான் கேக்கல. ஹெல்ப்பரா போக எனக்கு வெக்கமா இருக்கு. என்ன பண்ணணும், நீங்க ஞானம் குடுங்க" என்று கேட்டேன். அலங்காரமான ஜெபம் இல்லை. ஆனால் என் சொந்த ஜெபம், முதல் தடவையாக.

சத்தம் ஒன்றும் வரவில்லை. ஆனால் மனசில் ஒவ்வொன்றாகத் தெளிந்தது. நான் எந்தப் பதவியில் இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். என்னை அவர் எதற்காக வைத்திருக்கிறார் என்று யோசிக்கவே இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் போய்ச் சேரத்தான் என்னை வைத்திருக்கிறார். அதற்கு ஸ்பேனர் என் கையில் இருந்தால் என்ன, எடுத்துக் கொடுத்தால் என்ன? நீ இரண்டு வருஷமாக இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கிறாய். உள்ளே இருந்துகொண்டு, எனக்காக வர வேண்டாம் என்கிறாய்.

நாங்கள் வருகிறோம். எழுதிவிட்டேன், இனி அடித்துத் திருத்தமாட்டேன். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். யோசித்துத்தான் சொல்கிறாயா என்றார். கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன் சார் என்றேன். என் இடத்துக்கு நட்டுதான் சூப்பர்வைசர். "அண்ணே, இனிமே எனக்கு ஃபோன் பண்ணா எந்திரிச்சு நின்னு பேசணும், நீங்க ஹெல்ப்பர்" என்று கொக்கரித்தவன், கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று மொட்டை மாடிக்குப் போனான். சின்னவள் பொம்மைகளை இப்போதே பெட்டியில் அடுக்கி, தினமும் வெளியே எடுத்து விளையாடிவிட்டு மறுபடி அடுக்குகிறாள். நீ சரி என்று ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுவிடு.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டில் ஒரு புள்ளிகூட விடாதவள் நீ. அந்த வரியில் மட்டும் வளைவு விட்டுப்போயிருக்கிறது என்றால், எனக்காக வர வேண்டாம் என்று எழுதி முடித்த கை எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உன் இடுப்பையும். நேரத்துக்குச் சாப்பிடு. இனி பாஸ்போர்ட், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ், வீட்டைக் காலி செய்வது என்று நான் அலைந்துகொண்டிருப்பேன். சில நாட்கள் ஃபோன் வராமல் போகலாம். என் சத்தம் கேட்கவில்லை என்றால் பயப்படாதே, வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

இப்படிக்கு,
உன்னிடம் வந்து சேரப்போகிற
ஹெல்ப்பர்