சாய்ந்த ஒரு கம்பி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே நானும் மாமாவும் நலம். போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நான் சுருங்கிவிடுவேன், நீங்கள் என்னைவிடச் சுருங்கிவிடுவீர்கள். இருவருமாக மழை வெயில் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவோம். போன மாதமும் அதைத்தான் செய்தோம். அதனால் காகிதம்.

சிட்டு அடுத்த மாதம் வருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறாள். விமானம் இறங்கும் தேதியும் நேரமும் மட்டும்தான். ஒரு டிக்கெட்டா இரண்டா என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி மாமா என் பின்னாலேயே சுற்றுகிறார். "பெத்த பொண்ணுகிட்ட கேக்க என்ன கூச்சம் உனக்கு?" என்கிறார். நீங்களே கேளுங்களேன் என்றால், "நீதான் பக்குவமா கேப்ப" என்று நழுவிவிடுகிறார். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் எங்கள் இருவருக்கும்.

இனி டிவி விஷயம். மாமா உங்களுக்கு வரிசையாக டிவி படங்களாக அனுப்பித் தள்ளியதும், பழைய டிவிக்கு என்ன ஆச்சு, வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகலையே என்று நீங்கள் கேட்டதும் எனக்குத் தெரியும். சும்மாதான், இன்னும் கொஞ்சம் பெரிசா ஒண்ணு வேணும்னு ஆசை என்று அவர் பதில் போட்டிருக்கிறார். அது பொய். அவருக்குப் பொய் சொல்லவே வராது. அதைப் படித்த நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள்.

பழையது நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. ஓஎல்இடிதான் வாங்கணும் மாமா, பின்னால விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும், கறுப்புன்னா சுத்தக் கறுப்பா இருக்கும் என்று நீங்கள் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. பெயின்ட் கம்பெனி சோதனைக்கூடத்தில் இத்தனை வருடம் நிறத்தோடு மல்லுக்கட்டுகிறவள் நான். சுத்தக் கறுப்பு என்று யார் சொன்னாலும் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். டிவி வந்து, விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்த பிறகு, நீங்கள் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டேன். உங்களிடம் சொல்லவில்லை, மாமாவிடம் சொன்னேன்.

மாசமாக இருந்த சிட்டு படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, நீங்கள் அவள் அறையில் டேப்லெட்டை அலமாரிமேல் நிறுத்தி, வீடியோ காலில் எங்கள் டிவியோடு இணைத்துவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தீர்கள். பேசுவதற்காக இல்லை, சும்மா திறந்து கிடக்கட்டும் என்று. எங்கள் கூடத்துத் திரையில் அவள் தூங்குவாள், திரும்பிப் படுப்பாள், புத்தகம் படிப்பாள். நான் காய் நறுக்குவதை அவள் பார்ப்பாள். மாமா வெளியே கிளம்பும்போது டிவியைப் பார்த்து, "பட்டாணி, தாத்தா கடைக்குப் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பு போடுவார். முதல் ஸ்கேனில் பட்டாணி அளவுதான் இருந்தது என்று நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவர் வைத்த பெயர். அது வளர்ந்து பூசணி அளவுக்கு வந்தாலும் தனக்குப் பட்டாணிதான் என்பார்.

அசையாத படம் நெடுநேரம் இருந்தால் அந்த டிவி தானாக மங்கிக்கொள்ளும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. "புள்ள மூஞ்சியே தெரிய மாட்டேங்குது" என்று செட்டிங்குக்குள் புகுந்து, எங்கெங்கோ தேடி, அந்த மங்கலை நிறுத்திவிட்டு, வெளிச்சத்தை உச்சிக்குக் கொண்டுபோய் வைத்தார். ஏதோ எச்சரிக்கை வந்தது. படிக்காமலே ஓகே கொடுத்தார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், கண்ணாடி போடாமல்.

தொட்டிலை நீங்கள் பூட்டிய ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மாமா மேஸ்திரி வேலை பார்த்தார். "மாப்ள, அது இடது பக்கம். உங்களுக்கு இடது இல்ல, எனக்கு இடது." ஒரு பக்கத்தைத் தலைகீழாகப் பூட்டி, கழற்றி, மறுபடி பூட்டி, கடைசியில் எல்லாம் முடிந்தபோது ஒரு கம்பி மட்டும் சாய்ந்து நின்றது. "வீட்டைக் கட்டச் சொன்னா எப்டியிருக்கும்!" என்று சிட்டு படுத்தபடியே சிரித்தாள். வயிறு குலுங்குது சிரிக்காதே என்று நான் அதட்டினேன். அப்புறம் சரி செய்கிறேன் என்றீர்கள். ஜன்னல் பக்கத்தில், விளக்கடியில் வைத்தீர்கள். அன்றிலிருந்து எங்கள் திரையில் வலது ஓரத்தில் அது நின்றது. வெள்ளைத் தொட்டில் என்று எல்லாரும் சொன்னோம். லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை அது.

எட்டாம் மாதம் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. திரை அணைந்தது. அதன் பிறகு அவள் கேமராவைப் போடவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து மாமா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். வானிலை அறிவிப்பின்போது, வெளிர்நீலப் பின்னணியில், ஓரத்தில் கோடு கோடாக ஏதோ தெரிந்தது. துணியை நனைத்துத் துடைத்தார். போகவில்லை. என்னைக் கூப்பிட்டார். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஓஎல்இடியில் புள்ளிகள் எரிந்து எரிந்து தேயும். எது அதிகம் எரிந்ததோ அதுதான் அதிகம் தேயும், பிறகு மங்கலாகத் தெரியும். வெளிச்சமாக நின்ற தொட்டில் இப்போது நிழலாக நிற்கிறது. சிட்டு படுத்திருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அவள் அசைந்துகொண்டே இருந்தாள் அல்லவா.

திரையைப் புதுப்பிக்கும் வசதி டிவியிலேயே இருக்கிறது. மாமா பலமுறை ஓட்டிப் பார்த்தார். கொஞ்சம் வெளிறியது, போகவில்லை. அவள் வரும் செய்தி வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இந்த டிவியைத் தூக்கிடணும்." நானும் சரி என்றேன். அதற்கு யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

கடைக்குப் போனோம். ஒரு சுவர் முழுக்க டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே கிளி. கிளி அவ்வளவு பச்சையாக இருந்தால் அதற்கு ஏதோ வியாதி என்று அர்த்தம். கடைக்காகக் கூட்டி வைத்திருக்கும் வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னேன். டை கட்டிய விற்பனையாளருக்கு முகம் சுருங்கியது. நான் கையோடு கொண்டுபோன பென்டிரைவைக் கொடுத்தேன். அதில் வெறும் சாம்பல் நிறம் மட்டும்தான். எங்கள் சோதனைக்கூடத்தில் எதையும் சாம்பலுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்போம். கண்ணை ஏமாற்ற அதில் ஒன்றும் இல்லை. "எல்லாரும் கலர் பாக்க வருவாங்க மேடம், நீங்க கலரே இல்லாததைப் பாக்க வந்திருக்கீங்க" என்றார். மாமா அவர் காதருகில், "வீட்லயும் இப்டித்தான்" என்றார், எனக்குக் கேட்கும்படியாக.

க்யூஎல்இடி என்ற பெயரைப் பார்த்து அது ஓஎல்இடிக்குத் தம்பி என்று மாமா நினைத்திருந்தார். தம்பியும் இல்லை, சித்தப்பா மகனும் இல்லை. பின்னால் விளக்கு வைத்த பழைய எல்இடிதான், நிறம் நன்றாக வர உள்ளே ஒரு படலம் சேர்த்திருக்கிறார்கள். விலை குறைந்த எல்இடியில் சாம்பல் நிறம் மூலைக்கு மூலை அழுக்குத் துணி மாதிரி இருந்தது. மினி எல்இடியில் பின்னால் சின்னச் சின்ன விளக்குகள், பகுதி பகுதியாகக் கூடிக் குறையும். சாம்பல் ஒழுங்காக இருந்தது. இருட்டில் ஒரு வெள்ளை எழுத்தை வைத்தால் அதைச் சுற்றி மெல்லிய புகை மாதிரி ஒளி கசிகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஓஎல்இடியில் குறையே இல்லை. அதனிடம் நான் நெடுநேரம் நிற்கவில்லை.

உருவம் பதியாத டிவிதான் வேண்டும் என்று மாமா சொன்னதும் விற்பனையாளருக்கு உற்சாகம். "ஒரே சேனலை ஓட்டிட்டே இருந்திருப்பீங்க சார். என்ன, நியூஸா?" என்று கேட்டார். மாமா, "இல்ல, எங்க பொண்ணு வீடு" என்றார். அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு மினி எல்இடியைத் தட்டிக் காட்டி, "இதுல எதை எவ்ளோ நேரம் வச்சாலும் உடனே மறந்துடும் சார்" என்றார். மாமா விலை பேசுவதில் மன்னர், அன்று விலைகூடப் பேசவில்லை. அறுபத்தைந்து அங்குலம் என்று முடித்துவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்து ஒரு காரியம் செய்தேன். கடையில் பார்த்த சாம்பலோடு ஒப்பிட, அதே பென்டிரைவைப் பழைய டிவியில் செருகினேன். வேலைப் பழக்கம்தான், வேறு எண்ணம் இல்லை. அதுவரை வானிலையிலும் கால்பந்து மைதானத்திலும் துண்டு துண்டாகத்தான் பார்த்திருந்தோம். சாம்பலில் முழுவதும் வந்தது. ஜன்னல் சட்டம், விளக்கு, தொட்டிலின் நாலு கால், மேல் விளிம்பு, கம்பிகள். இடமிருந்து ஐந்தாவது கம்பி சாய்ந்திருந்தது.

மாமா அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, "மாப்ள சரி பண்றேன்னாரே" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, தினமும் காலையில் அவர் ஏன் விடாமல் வானிலை பார்க்கிறார் என்று. எந்த ஊரில் எவ்வளவு மழை என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது.

புது டிவி வந்துவிட்டது. மாட்டவும் பழையதை எடுத்துப் போகவும் இரண்டு பேர் வந்தார்கள். பழையதைக் கழற்றக் கை வைத்ததும் மாமா குறுக்கே போய் நின்றுகொண்டார். "இன்னிக்கு வேணாம்ப்பா. அப்புறம் சொல்றோம்" என்றார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் அவரை ஓரங்கட்டிவிட்டுக் காரியத்தை முடிப்பவள் நான். அன்று, அப்புறம் சொல்றோம் என்று நானும் சொன்னேன். பெட்டி கூடத்தில் பிரிக்காமல் நிற்கிறது.

சிட்டு ஆஸ்பத்திரியில் இருந்தபோதே நீங்கள் அந்தத் தொட்டிலைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டீர்கள். அவள் வீடு திரும்பியபோது ஜன்னலடி காலியாக இருந்தது. என்னைக் கேக்காம எப்படிம்மா குடுக்கலாம் என்று அன்று ஒரு முறை மட்டும் போனில் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் உங்களோடு பேசுவது குறைந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை, தெரியும். நானும் உங்கள்மீது மனவருத்தத்தோடுதான் இருந்தேன். பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது புரிந்தது, நாங்களும் அதே காரியத்தைத்தான் செய்யப் புறப்பட்டிருக்கிறோம். அவள் கண்ணில் படக்கூடாது என்று, அவளைக் கேட்காமல், அவள் வருவதற்குள்.

நீங்கள் ஒற்றை ஆளாக ஸ்க்ரூ ஸ்க்ரூவாக அதைக் கழற்றியிருப்பீர்கள். அந்தக் கம்பியையும். அன்று உங்கள் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நாங்கள் கேட்டதே இல்லை. எல்லாரும் அவளைப் பற்றித்தான் கேட்டோம்.

நான் தேடிப் பார்த்துவிட்டேன். அந்தத் தொட்டிலுக்கு எங்களிடம் ஒரு போட்டோ இல்லை. தினமும் கண்ணெதிரே நின்றதை யார் எடுத்து வைப்பார்கள்? உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால், பட்டாணிக்கென்று மிச்சம் இருப்பது எங்கள் சுவரில் இருப்பது மட்டும்தான். அதை வைத்துக்கொள்வதா, தூக்கிப் போடுவதா என்று முடிவு செய்யும் உரிமை எனக்கோ மாமாவுக்கோ இல்லை. உங்கள் இருவருக்கும்தான்.

அதனால் கேட்கிறேன். அவளோடு நீங்களும் வாருங்கள். அவள் கூப்பிடவில்லை என்றால், நான் கூப்பிடுகிறேன். ஒரே விமானமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வந்து, அவளுக்குச் சொல்லிவிட்டு, அவள் சரி என்றால் மட்டும் அந்தச் சாம்பலைப் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அன்றே கழற்றிவிடலாம். எதுவானாலும் அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் நாங்கள் நின்றால் போதாது. அந்தக் கம்பியைப் பார்த்து அவள் அழலாம், சிரிக்கவும் செய்யலாம். இரண்டுக்கும் நீங்கள் வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். இதை வழக்கமாக எழுதும் வார்த்தையாக நான் எழுதவில்லை.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
அத்தை

பின்குறிப்பு: புது டிவியைச் சுவரில் மாட்டுவதா, ஸ்டாண்டில் வைப்பதா என்று மாமா கேட்கச் சொன்னார். மாப்பிள்ளை வந்து பார்த்துச் சொல்லட்டும், அதுவரை பெட்டியைப் பிரிக்கக்கூடாது என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார்.