கரையில் கூப்பிட்ட பெயர்

சான் இசித்ரோ, இலோகோஸ்
ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமை

என் அன்பு பிளோரென்சியோவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். ரியாத்தில் நீயும் உன் கிரேனும் சுகமா? கைப்பிடி இரும்பைத் தொட முடியாத சூடு என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். இங்கேயும் வெயில் நம்மை மறந்துவிடவில்லை. நாய் தண்ணீர்ப் பானையைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறது. பூண்டு அறுவடை முடிந்து வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே சடைசடையாகத் தொங்குகிறது. என் தலைமயிர், தலையணை, மாதா சொரூபம் எல்லாவற்றிலும் பூண்டு வாசம். இதை வாசிக்கும்போது உனக்கும் அடித்தால் ஆச்சரியமில்லை.

பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. எதிர்த்த மைதானத்தில் பாஸ்கெட்பால் போட்டி நடக்கிறது. கரண்ட் பாதி நாள் இருப்பதில்லை. அது வரும்போதெல்லாம் நான் ஓடிப்போய் ஃபிரிட்ஜில் பாக்கெட் ஐஸ் அடுக்குகிறேன், மாம்பழம் ஒரு தட்டு, பச்சைப்பயறு ஒரு தட்டு. வியர்த்துக்கொண்டு வருகிற பையன்கள் வாங்கித் தீர்த்துவிடுகிறார்கள். நம் கடைக்குட்டி டிண்டோ வியாபாரம் பார்க்கிறேன் என்று உட்கார்ந்து பாதியைத் தானே தின்கிறான். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதால் கடிக்க முடியாமல் உறிஞ்சுகிறான். அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்கிறது.

உன் மூத்த மகள் ஜோவெலின் பதினாலு வயதில் ராணியாகிவிட்டாள். மே மாதக் கடைசி ஊர்வலத்தில் இந்த வருஷம் அவள்தான் சிலுவையைக் கண்டெடுத்த எலேனா ராணியாக நடக்கப்போகிறாள். உன் அக்கா இலுமினாடா கவுன் தைக்கிறாள். அளவெடுக்கும்போது, "மூச்ச உள்ள இழுக்காதடி! ஊர்வலத்துல நீ மூச்சு விட்டா என் தையல்தான் பிரியும்" என்று அவள் போடுகிற சத்தத்தில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன.

இன்னொரு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்தேன். ஈஸ்டர் அன்று கடலுக்குப் போனோம். போன கோடையில் நம் நடுப்பிள்ளை மரிசோலை அந்தத் தண்ணீர் கொண்டுபோனதிலிருந்து நாங்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். இலுமினாடாதான் விடவில்லை. "டிண்டோவ ஆயுசு பூரா குடத்துத் தண்ணியிலயா குளிப்பாட்டப் போற?" என்றாள். சரி என்று ஜீப்பில் ஏறினோம். மீன் சுட்டோம், கத்திரிக்காய் சுட்டோம், தர்பூசணி அறுத்தோம். டிண்டோ கணுக்காலளவு தண்ணீரில் ஆடினான். நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்தபடியே நின்றேன். அவனுக்குக் கழுத்து வலித்திருக்கும். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

வெயில் சாய்ந்ததும் எல்லோரும் ஜீப்பில் ஏறினார்கள். நான் கடல் பக்கம் திரும்பி, வழக்கம்போலப் பிள்ளைகளின் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமான புதிதில் நீ கேலி செய்வாயே, டிக்கெட் எடுக்காத உயிருக்கு எதற்கு இத்தனை உபசாரம் என்று. விளையாட்டு மும்முரத்தில் உயிர் தண்ணீரிலேயே தங்கிவிட்டால் உடம்பு மட்டும் வீட்டுக்கு வந்து வாடும், அதற்குத்தான். "ஜோவெலின், வா போகலாம், அங்கேயே நின்னுடாத. மரிசோல், வா போகலாம், அங்கேயே நின்னுடாத. டிண்டோ, வா போகலாம்..." என்று மூன்று பேரையும் கூப்பிட்டுவிட்டேன்.

வாய்க்குப் பழகிய வரிசை, பிளோரென்சியோ. நடுவில் உள்ளதைத் தாண்டி மூன்றாவதற்குப் போக என் நாக்குக்குத் தெரியவில்லை. ஜீப்பில் இலுமினாடா சிலுவை போட்டுக்கொண்டாள். ஜோவெலின் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். டிண்டோ மட்டும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டான். வெயிலில் தோல் எரிந்திருக்கும், அதனால்தான் ஒட்டி உட்காரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தலையில் ஈரத் துணி போடாமல் வெயிலில் ஏறாதே. மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

உன் பெர்லிதா


சான் இசித்ரோ
மே, இரண்டாவது ஞாயிறு

அன்புள்ள பிளோரென்சியோ,

உன் கேசட் வந்தது. மூவரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போட்டதில் நாடா சிக்கிப் பென்சில் விட்டுச் சுற்ற வேண்டியதாயிற்று. ஜோவெலினை ராணியம்மா என்று கூப்பிட்டாய், பூரித்துப்போனாள். டிண்டோவின் பல்லை விசாரித்தாய், என் இடுப்பு வலியை விசாரித்தாய், நாயைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் அவசர அவசரமாக, ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கப்போகிறேன் என்று சொல்லி முடித்துவிட்டாய். மரிசோல் என்கிற பெயர் அந்தக் கேசட்டில் ஒரு தடவைகூட வரவில்லை. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

நீ அந்தப் பெயரைத் தொடவே மாட்டேன் என்கிறாய். நானோ பெயரைச் சொல்லிக் கையோடு கூட்டிக்கொண்டே வந்துவிட்டேன்.

பைத்தியம் என்று சொல்லாமல் கேள். ஒரு சொட்டு மழை இல்லாத ஊரில் நம் வீட்டு ஏணிப்படி காலையில் ஈரமாக இருக்கிறது. பெருக்கினால் மணல் வருகிறது. பூண்டு நாற்றத்தையும் மீறிக் கடல் வாசம் அடிக்கிறது. ஃபிரிட்ஜில் பச்சைப்பயறு ஐஸ் மட்டும் குறைகிறது. முனையைக் கடித்து உறிஞ்சிவிட்டு வெறும் பாக்கெட்டைக் குழாயில் முடிச்சுப் போடுவது யார் பழக்கம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த முடிச்சை மறுபடி குழாயில் பார்த்தேன். டிண்டோவுக்கு முடிச்சுப் போடத் தெரியாது, செருப்பு வார்கூட நான்தான் மாட்டிவிடுகிறேன். ஜோவெலின் சாப்பாட்டுக்கு ஒரு தட்டு கூடுதலாக வைத்துவிட்டு, வைத்தது தான்தான் என்றே தெரியாமல் நிற்கிறாள்.

எனக்குப் பயமாக இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது. பச்சைப்பயறை இப்போது கூடுதலாக ஊறப்போடுகிறேன். மதியம் மூங்கில் தரையில் படுத்துத் தூங்கும்போது பிள்ளைகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விடச் சொல்கிறேன். அங்கே கையை வைத்தால் தரை குளிர்ந்திருக்கும். இந்தக் கோடையில் இந்த வீட்டில் அந்த ஓரிடம்தான் குளிர்ச்சி. கையை எடுக்க மனம் வராமல் படுத்திருப்பேன்.

ஆனால் டிண்டோதான் சரியாக இல்லை. சாப்பிடமாட்டேன் என்கிறான். ஊரே வியர்வையில் நனையும்போது போர்வை கேட்கிறான். அவன் விரல் நுனிகள் வெகுநேரம் தண்ணீரில் கிடந்தவை மாதிரி சுருங்கிப்போயிருக்கின்றன, குளிக்காத நாளிலும். சுகாதார நிலையத்து டாக்டர் பெண் காய்ச்சல் இல்லை என்று சத்து மாத்திரை கொடுத்தாள். யாரோடு பேசுகிறாய் என்று கேட்டால், "மரிசோல் அக்காவோடதான். அங்க அவளுக்கு விளையாட ஆளே இல்லையாம்மா" என்கிறான், மைதானத்தில் எத்தனை பாயிண்ட் விழுந்தது என்று சொல்கிற அதே குரலில்.

இலுமினாடா கையில் ஊசியோடு வந்து உட்கார்ந்து பேசினாள். "நீ கூப்பிட்ட, அவ வந்துட்டா. சொன்ன பேச்சு கேக்குற புள்ள அது. செத்த புள்ளையும் உசுரோட இருக்குற புள்ளையும் ஒரே பாயில படுத்தா சின்னதுதான் போகும். நீயே கொண்டுபோய் விட்டுட்டு வா, பெர்லிதா. வேற யாரு சொன்னாலும் அவ போகமாட்டா" என்றாள். நான் அவளைக் கவுன் துணியோடு படியிறங்கச் சொல்லிவிட்டேன். உன் அக்காவை வாசலைவிட்டு அனுப்பியதற்கு நீ என்மேல் கோபப்படலாம். அவளும் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் கவுனுக்குப் பொத்தான் வைக்க வந்துவிட்டாள்.

ஒரு வருஷம் இல்லாதிருந்த பிள்ளை வந்திருக்கிறாள். அவளைப் பார்த்து, போ என்று நான் எப்படிச் சொல்வேன்? சொல்லாவிட்டால் டிண்டோவை என்ன செய்வேன்? நீ தகப்பன். இதற்கு மட்டுமாவது பதில் எழுது. நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
பெர்லிதா


சான் இசித்ரோ
ஊர்வலம் முடிந்த பத்தாம் நாள்

என் பிளோரென்சியோ,

உன் பதில் வரவில்லை. அதற்காகச் சண்டை போட எழுதவில்லை. நேற்று இந்த வருஷத்து முதல் மழை பெய்தது. வெயிலில் கிடந்த மண் வாசத்தில் நாய் பைத்தியம் பிடித்தது போல் ஓடியது. ஜோவெலின் ஊர்வலத்தில் நடந்த அழகைப் படம் எடுத்திருக்கிறோம், கழுவி வந்ததும் அனுப்புகிறேன். இலுமினாடாவின் தையல் பிரியவில்லை. ராணிதான் செருப்பு கடித்து, பாதி வழியில் வெறுங்காலோடு நடந்தாள். கவுன் மறைத்ததால் யாருக்கும் தெரியாது.

ஊர்வலத்துக்கு முந்தின மதியம் நான் கண் விழித்தபோது டிண்டோ பக்கத்தில் இல்லை. தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடினேன். கடற்கரை ரோட்டில் போய்க்கொண்டிருந்தவனை ஒரு டிரைசைக்கிள்காரர் ஏற்றிக்கொண்டு வந்தார். இந்தப் புள்ள கைய மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டே நடந்துச்சு, பெரியவங்க கையப் புடிச்ச மாதிரி, என்று அவர் சொன்னார். நான் அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவன் அழவேயில்லை. "அக்காவுக்கு வழி தெரியலம்மா. போகணும்னு சொல்றா. நீ விடமாட்டேங்கிறியாம். அதான் நான் கொண்டுபோய் விடலாம்னு..." என்றான். ஓங்கிய கையால் அவனைக் கட்டிக்கொண்டேன். உடம்பு ஐஸாக இருந்தது.

நான் அவளைச் சந்தோஷமாக வைத்திருக்கிறேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். பிடித்துவைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஊர்வலம் முடிந்த மறுநாள் காலை எல்லோரும் கடலுக்குப் போனோம். இலுமினாடா படையலுக்கு ஒட்டும் அரிசிச் சோறும் அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டாள். நான் பச்சைப்பயறு ஐஸைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஜீப்பில் டிண்டோ பக்கத்தில் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தான். போகும் வழியெல்லாம் மைதானம், கோயில், அவள் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றையும் அவனே அந்த வெற்றிடத்துக்குக் காட்டிக்கொண்டு வந்தான். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணலில் இலை விரித்து எல்லாவற்றையும் வைத்தோம். ஐஸ் உருகும்வரை உட்கார்ந்திருந்தேன். என்ன பேசினேன் என்று கேட்காதே, நினைவில்லை. தலை வாரிவிடாமல் எத்தனை நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறேன், அதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்று ஜோவெலின் சொல்கிறாள். பிறகு எழுந்து கடலைப் பார்த்தேன். "ஜோவெலின், வா போகலாம், அங்கேயே நின்னுடாத" என்றேன். அடுத்ததற்கு வாய் தானாகத் திறந்தது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அலை வந்தது, போனது. பெற்றவளாக நான் செய்ததிலேயே பெரிய கொடுமை அந்தச் சும்மா நின்றதுதான், பிளோரென்சியோ. பிறகு, "டிண்டோ, வா போகலாம்" என்றேன்.

என் பெயரை இலுமினாடா கூப்பிட்டாள். அப்போதுதான் ஒன்று புரிந்தது. போன கோடையில் மரிசோலைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் நம்மில் யாரும் யார் பெயரையும் கூப்பிடவில்லை. அடக்கம் முடிந்து நீ விமானம் ஏறினாய். ரியாத்துக்குப் போனது உன் பாஸ்போர்ட்டும் சட்டைகளும்தான். நீ இடுப்பளவு தண்ணீரில் அவளைத் தேடிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டாய். அதனால்தான் உனக்கு அவளைப் பற்றி எழுத வரவில்லை, வீட்டுக்கு வரவும் கால் எழவில்லை.

அதனால் உன்னையும் கூப்பிட்டேன். தொண்டை கிழிய, மீன்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டேன்.

திரும்பி வரும்போது டிண்டோ சீட் முழுக்கக் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டான். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு தின்றான். விரல்கள் சரியாகிவிட்டன. படி காய்ந்துவிட்டது, மழை வரும்வரை காய்ந்தே இருந்தது. குழாயில் முடிச்சு இல்லை. தினமும் போய்ப் பார்க்கிறேன். பச்சைப்பயறு ஐஸை இன்னும் செய்கிறேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்கிறார்கள். மதியம் தரையில் கையை வைத்தால் எல்லா இடமும் ஒரே சூடு.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே. இந்த வருஷம் வீட்டுக்கு வா. விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் அந்த ஊரைத் திரும்பிப் பார்த்து உன் பெயரை நீயே ஒரு தடவை கூப்பிடு. வரிசையில் நிற்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அவள் பெயரை மட்டும் அங்கே சொல்லாதே. அதை இங்கே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து சொல். ஒரு வருஷமாக நான் அதைத் தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாதா உன் கையைப் பிடித்துக் கூட்டி வரட்டும். பிளோரென்சியோ, வா போகலாம். அங்கேயே நின்னுடாத.

உன் பெர்லிதா