திருப்பி வைத்த நாணயம்

சோலோ, இந்தோனேசியா,
29 ஜூன் 1998

அன்புள்ள தங்கை ஹ்வாவுக்கு,

அக்கா ஸ்வான் எழுதிக்கொள்வது. ஹாலந்தில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். இப்போதைக்கு எங்கள் ஊரில் சுகம் என்றால் அதுதான்.

போனில் நீ கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாய், நான் வெறும் 'ம்' கொட்டினேன், உடனே உனக்குக் கோபம் வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். பக்கத்திலேயே உன் அத்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த அறையில் என் பெண் லின். என்னத்தைச் சொல்வேன்? அதனால்தான் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. உன் வீட்டுக்காரரிடம் காட்டாதே. நல்ல மனிதர்தான், ஆனாலும் வேண்டாம்.

முதலில் கடை. முன்பக்கம் முழுக்கக் கலவரத்தில் எரிந்துபோய்விட்டது. நூல், ஊசி, லேஸ் எதுவும் மிஞ்சவில்லை. பொத்தான்கள் எல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகக் கிடந்தன. உன் அத்தான் அதைத் தூக்கிப் போட விடவில்லை, கொல்லையில் வைத்திருக்கிறார். போன வருஷம் ரூபியாவின் மதிப்பு சரிந்ததிலிருந்தே வியாபாரம் படுத்துவிட்டது. அரிசிக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நிற்கும்போது, எல்லாவற்றையும் சீனன் பதுக்கிவிட்டான் என்று என் காதுபடவே பேசினார்கள். நாம் பதுக்கி வைத்திருந்தது ஊக்கும் பொத்தானும்தான். அதை வைத்து யார் சோறு பொங்குவது?

பின்கட்டு வீடு தப்பியது. முன்னோர்கள் காப்பாற்றினார்கள் என்கிறார் உன் அத்தான். காப்பாற்றியது சுமி. நம் கடை வாசலில் சாயங்காலம் தேங்காய்ப்பால் சோறு விற்பாளே, அவள்தான். கூட்டம் சந்துக்குள் திரும்பியதும் தன்னுடைய தொழுகைப் பாயைக் கொண்டுவந்து எங்கள் பின் கதவில் தொங்கவிட்டு, அதன் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "இது என் வீடு. கொளுத்தணும்னா என்னையும் சேத்துக் கொளுத்துங்கடா" என்றாளாம். அவளிடம் தினம் சாப்பிடுகிற ஆட்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்களாம். அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாளாம். நாங்கள் உள்ளே அரிசிப் பானைக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தோம். நாங்கள் என்றால் நானும் அவரும். லின் வீட்டில் இல்லை.

அதைத்தான் சொல்ல வேண்டும்.

அன்று வியாழக்கிழமை. ஜகார்த்தாவில் மாணவர்களைச் சுட்டுவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. காலையிலேயே எனக்கு மனசு சரியில்லை. லின்னை வங்கி வேலைக்கு அனுப்ப வேண்டாம், மூன்று பேருமாகச் சலாத்திகா போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்றேன். உன் அத்தான் வழக்கம்போல, முன்னோர்களுக்கு ஊதுபத்தி ஏற்றும் சாம்பல் மேஜை முன்னால் போய் நின்றார். நீ தேவாலயத்துக்குப் போக ஆரம்பித்து வருஷக்கணக்காகிறது, இதெல்லாம் மறந்திருக்கும். இரண்டு செப்பு நாணயத்தைத் தரையில் போடுவோமே, ஒன்று தலையும் ஒன்று பூவுமாக விழுந்தால் முன்னோர்களின் சம்மதம், இரண்டும் பூ விழுந்தால் மறுப்பு, இரண்டும் தலை விழுந்தால் அவர்கள் சிரிக்கிறார்கள், மறுபடி கேட்க வேண்டும். வழக்கம்போல இருக்கலாமா என்று கேட்டார். முதல் தடவையே சம்மதம் விழுந்தது. லின் காபியை நின்றபடியே குடித்துவிட்டு, மத்தியானம் சீக்கிரம் வந்துவிடுகிறேன் மா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வங்கியைப் பாதியில் மூடி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்களாம். இருட்டிய பிறகுதான் அவள் வந்து சேர்ந்தாள். சுமியின் மைத்துனர் வகிமான் தன் ரிக்‌ஷாவில், மழைக்குப் போடுகிற தார்ப்பாயால் மூடி, உள்ளே மூட்டை இருப்பதுபோல் கொண்டுவந்தார். இறங்கியபோது அவள் உடம்பில் இருந்தது அவளுடைய உடுப்பு இல்லை. யாரோ ஒரு புண்ணியவதி தன் கைலியையும் ரவிக்கையையும் கொடுத்திருக்கிறாள். வகிமான் தலை நிமிராமல் நின்றார். "அக்கா, எதுவும் கேக்காதீங்க. தண்ணி காய வைங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் தண்ணீர் காய வைத்தேன். எதுவும் கேட்கவில்லை. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது, ஹ்வா. நீ புத்திசாலி, புரிந்துகொள்வாய்.

அதன் பிறகு ஒரு வாரத்தில் நம் அதிபர் பதவியை விட்டுப் போனார். முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர், காகிதத்தைப் பார்த்துப் படித்துவிட்டுப் போய்விட்டார். தெருவில் ஒரே ஆரவாரம். லின் டி.வி.யை அணைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அவள் தினமும் பல தடவை குளிக்கிறாள். முடியைத் தானே கத்தரித்துக்கொண்டாள், காது தெரிய. அவளுக்கு எவ்வளவு நீளமான முடி என்று உனக்குத் தெரியும்.

உன் அத்தானோ தினம் மேஜையைத் துடைக்கிறார், ஊதுபத்தி ஏற்றுகிறார், நாணயங்களை மட்டும் பார்ப்பதே இல்லை. அவர் அழுது நான் பார்க்கவில்லை. திட்டித் தீர்த்துவிடலாம் என்று பல தடவை வாயைத் திறந்தேன், அந்த முதுகைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

உன் அழைப்புக் கடிதம் வந்த அன்று, லின்னை உன்னிடம் அனுப்பிவிடுவோம் என்றேன். அவருக்கு இங்கே வைத்துக்கொள்ளவும் பயம், கண்ணுக்கு மறைவாக அனுப்பவும் பயம். கடைசியில், "கேக்காம அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. ஆனா அந்தக் காசை நான் தொட மாட்டேன். நீயே கேளு" என்று சொல்லிவிட்டு, ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

போட்டேன். இரண்டும் பூ. மறுப்பு. மறுபடி போட்டேன். இரண்டும் தலை, சிரிக்கிறார்களாம். என் பெண்ணை அந்தக் கதியில் பார்த்த பிறகும் சிரிப்பு. மூன்றாவது தடவை போட்டேன். மறுபடியும் இரண்டு பூ.

நான் குனிந்து ஒரு நாணயத்தை விரலால் திருப்பி வைத்தேன்.

"பாருங்க, சம்மதம் விழுந்திருக்கு" என்றேன். அவர் கண்ணைத் திறந்து தரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். செப்புக் காசு சிமெண்டுத் தரையில் திரும்பினால் சத்தம் கேட்கும், அவர் ஒன்றும் செவிடு இல்லை. "சரியாத்தான் விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு ஊதுபத்தியைச் சட்டியில் குத்தி வைத்தார். அன்று இரவு இருவரும் வெகுநாளைக்குப் பிறகு ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

வருகிற சனிக்கிழமை கிளம்புகிறாள். வகிமானின் ரிக்‌ஷாவைத் தவிர வேறு வண்டியில் ஏற மாட்டேன் என்கிறாள். விமான நிலையம் வரை மிதித்தே கொண்டுவிடுகிறேன் என்று அவரும் சொல்லிவிட்டார். சுமி காலையிலேயே சோறு கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். நீயும் கூட வாயேன் என்று நீ என்னைக் கேட்பாய். அந்த மனிதரை அந்த மேஜையோடு தனியாக விட்டுவிட்டு நான் எப்படி வருவது? அவரால் இனி எதையும் தானாக முடிவு செய்ய முடியாது. சாப்பிடச் சொல்லக்கூட ஒரு ஆள் வேண்டும்.

அவள் பெட்டியில் ஒரு சின்னப் பொத்தான் டப்பா இருக்கும். அதில் சாம்பல் சட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டிருக்கிறேன். பெண் பிள்ளைகளுக்குச் சாம்பல் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை, தெரியும். இங்கே அவளைப் பார்த்துக்கொள்ளத் தெரியாத முன்னோர்கள் அங்கே அவள் கூடப் போய்க் கற்றுக்கொள்ளட்டும். உன் சாமிக்கு ஆட்சேபம் இல்லையென்றால் அலமாரி மூலையில் ஓரமாக வைத்துவிடு.

ஹ்வா, அவளிடம் எதுவும் கேட்காதே. உனக்கு அது கஷ்டம், தெரியும், ஆனாலும் கேட்காதே. குளியலறையில் எவ்வளவு நேரம் இருந்தாலும் கதவைத் தட்டாதே. பின்னால் வந்து தோளைத் தொடாதே, முன்னால் வந்து பேசு. முடி வளர்க்கச் சொல்லாதே. ராத்திரி விளக்கை அணைக்காதே.

சின்ன வயதில் உனக்கு இருட்டென்றால் பயம். என் பாயிலிருந்து நான் கையை நீட்டி வைப்பேன், நீ அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாய். காலையில் எனக்குக் கை மரத்துப் போயிருக்கும், உன்னைத் திட்டுவேன். அவள் கட்டில் பக்கத்தில் உன் படுக்கையைப் போட்டுக்கொள். அவள் பிடிக்க வேண்டும் என்றில்லை. கையை மட்டும் நீட்டி வை.

இப்படிக்கு,
உன் அக்கா,
ஸ்வான்