தங்கம் ஒட்டாத அறை

லெம்ஸ்டர்,
மார்ச் 21, 1971

அன்புள்ள ஜில்,

உன் அப்பாவும் நானும் பூனையும் இங்கே சுகம். கனடாவின் லாப்ரடார் பனியில் நீயும் சுகம்தான் என்று அடுத்த கடிதத்தில் உன் கையெழுத்தில் படிக்கிறவரை நான் நம்பப் போவதில்லை. தபால்காரர்களின் வேலைநிறுத்தம் ஒருவழியாக முடிந்து, உன் கடிதங்கள் எல்லாம் ஒரே நாளில் கதவிடுக்கு வழியாகப் பொத்தென்று விழுந்தன, நான் அடுப்பில் வைத்திருந்ததை மறந்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து படித்தேன். நாய் பூட்டிய வண்டியில் நோயாளியைப் பார்க்கப் போனதை ஏதோ பேருந்தில் போனது போல எழுதியிருக்கிறாயே, அந்த நாய்களுக்கு ஒழுங்காகத் தீனி போடுகிறார்களா, வழியில் பனி உடைந்தால் என்ன செய்வீர்கள், ஈரமான காலுறையோடு எத்தனை நேரம் இருந்தாய், இதையெல்லாம் நீ எழுதவே இல்லை. நமக்குள் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம், இப்போதும் சந்தையில் நம்மை அக்கா தங்கையா என்று விசாரிக்கிறார்கள், ஆனால் கவலைப்படுவதில் மட்டும் நான் பிறந்தபோதே எழுபது வயது என்று உன் அப்பா சொல்கிறார். சொல்லட்டும். பதில் இவ்வளவு தாமதமானதற்குத் தபால் மட்டும் காரணம் இல்லை ஜில், முடிவு தெரியாமல் உனக்கு எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன், இப்போது தெரிந்துவிட்டது. வரிசையாகச் சொல்கிறேன், கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

நீ பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு நான் கலைக் கல்லூரிக்குப் போனதும், இரண்டு பென்சில்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு முதல் ஆண்டு முழுக்க ஒரே 'ஓ'வை எழுதியதும், வாத்து இறகைச் சீவிச் சீவிச் சமையலறையெல்லாம் இறகாகக் கிடந்ததும் உனக்கே தெரியும். என்னோடு படித்தவர்களில் ஒருவர் இன்று கல்லறைக் கல் செதுக்குகிறார், ஒருத்தி மதுக்கடைப் பலகை எழுதுகிறாள், நான் மேயர்களுக்குப் பாராட்டிதழ் எழுதினேன். ஆனாலும் லண்டன் எழுத்தோவியர் கழகத்தில் உறுப்பினராகாதவரை தேவாலயமோ படைப்பிரிவோ இறந்தவர் பெயர்களைத் தாங்கும் பெரிய ஏடு எதையும் நம்பிக் கொடுப்பதில்லை. சென்ற ஆண்டு கழகத்துக்கு நான் அனுப்பிய தாள் திரும்பி வந்த கதையை உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. தாளோடு ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் இருந்தது, பிரித்தால் உள்ளே கடுகளவு தங்கம். 'தாளை வளைத்தபோது இது உதிர்ந்தது. உங்களுடையதுதான்' என்று மிஸ் தாக்வெல் தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார், கழகத்தில் தங்க எழுத்துகளைச் சோதிப்பவர் அவர்தான். அந்தக் கையெழுத்து அவ்வளவு அழகாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. இரண்டாம் முறையும் திருப்பிவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு அவர்கள் வாசல் பக்கம் போக முடியாது, அது கழகத்தின் விதி. அதனால்தான் இந்தக் குளிர்காலம் முழுக்க உன் அம்மா வீட்டில் ஒரு பைத்தியக்காரி போலத் திரிந்தாள்.

இந்த முறை கன்றுத்தோலில் நம் மாவட்டத்து ஆப்பிள்களின் பெயர்களை எழுதினேன், ஃபாக்ஸ்வெல்ப், ப்ரவுன் ஸ்னௌட் என்று தாள் முழுக்க ஒரு தோப்பு, முதலெழுத்துகள் மட்டும் தங்கத்தில் மேடாக நிற்க வேண்டும். சென்ற ஆண்டு பசையில் சர்க்கரை குறைந்து அது நொறுங்கிவிட்டது, இந்த ஆண்டு திருத்திக்கொண்டேன். சுண்ண மாவு, சர்க்கரை, மீன் பசை எல்லாம் அரைத்து எழுத்துகளை மேடாக்கிக் காயவைத்தாயிற்று, இனி குழல் வழியாக மூச்சு விட்டு அந்த மேட்டை லேசாக ஈரமாக்கி உடனே மெல்லிய தங்கத் தகடான ரேக்கை வைத்து அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து உன் அப்பாவுக்கு என்மேல் அன்பு பொங்கிவிட்டது. மாடியில் நான் விறைத்துப்போய் எழுதுவதைப் பொறுக்க முடியாமல், ஊரெல்லாம் குழாய் போடுகிறவர் வீட்டில் மனைவி கையுறை மாட்டிக்கொண்டு எழுதுவதா என்று, நான் என் பழைய கல்லூரியில் ஒரு வாரப் பயிற்சிக்குப் போயிருந்தபோது புது பாய்லர் வைத்து, என் அறையில் இரண்டு ஹீட்டர்கள் மாட்டிவிட்டார். கதவைத் திறந்து காட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "உள்ள வா தெல், ஸ்பெயினுக்கு வந்துட்டேன்னு நினைச்சுக்கோ" என்றார். நானும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அதோடு சரி, தங்கம் ஒட்டவில்லை.

ஒட்டவே இல்லை ஜில். மூச்சு விட்டு ரேக்கை வைத்தால், பட்டுத் துணி வழுக்குவது போல வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. பசையைச் சந்தேகப்பட்டேன், மீன் பசை விற்றவனைச் சந்தேகப்பட்டேன், என் மூச்சையே சந்தேகப்பட்டேன். உன் அப்பா வாசலில் நின்றபடி, "நேத்து வெங்காயம் சாப்பிட்டியே, அதுல தங்கம் பயந்து ஓடுதோ என்னவோ" என்று கேட்டார், நான் எறிந்த இறகுப் பேனா அவர் காதோரம் போயிற்று. பக்கத்து வீட்டு ப்ராஸர் அம்மாள் வேறு வேலியின்மேல் சாய்ந்துகொண்டு, "நல்லா எழுதினா எங்க காலத்துல வாத்தியார் ஒரு நட்சத்திரம் போடுவாரு, வீட்டுக்கு ஓடிடுவோம். நீ லண்டன் வரைக்கும் போய்க் கேக்குறியே" என்றார். எட்டாம் நாளோ என்னவோ, ஹீட்டரின் மேல் காயப்போட்டிருந்த கைத்துணி பிஸ்கட் போல விறைத்திருந்ததைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த அறை முன்பு எப்படி இருந்தது? சுவர்க்காகிதம் உரிந்து தொங்கும், ஜன்னல் அழும், நாம் எல்லாரும் அதைத் திட்டுவோம். அந்த ஈரம்தான் இத்தனை காலமும் என் தங்கத்தைப் பிடித்து வைத்திருந்தது. இந்த நாட்டில் மழையைத் திட்டாத ஆள் இல்லை, எங்கள் தொழிலில் மட்டும் ஒரு நல்ல தூறலுக்காக ஏங்கி நிற்கிறோம். பாய்லரை அணைக்கச் சொன்னேன். உன் அப்பா கீழே போய் அணைத்துவிட்டு வெகுநேரம் பாய்லரோடேயே நின்றிருந்தார். அது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அணைத்தும் என்ன, வெளியே காய்ந்த உறைபனி, சுவர் எல்லாம் வறண்டு கிடந்தது, லண்டன் போகும் நாளோ நெருங்கிவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது, நல்ல யோசனை என்றுதான் இன்னமும் சொல்வேன். திங்கட்கிழமை, பின்பக்கச் சலவை அறையில் துணி கொதித்துக்கொண்டிருந்தது, ஆவியில் எதிர்ச்சுவர் தெரியவில்லை. பலகையோடு தாளைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தேன். ஒரே மூச்சு ஜில், ரேக்கை வைத்தேன், கப்பென்று பிடித்துக்கொண்டது! ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றுகூட வழுக்காமல், நான் அந்த ஆவிக்குள் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். கடைசி எழுத்தும் முடிந்தது, அந்த நேரம் ப்ராஸர் அம்மாள் கதவைத் தட்டினார். பென்னிக் கணக்கு மாறிப் புதுக் காசு வந்ததிலிருந்து கடைக்காரன் தன்னை ஏமாற்றுகிறான் என்று அவருக்கு ஒரு எண்ணம், அதை ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் திரும்பி வந்து பார்த்தால் என் தாள், வாணலியில் போட்ட பன்றியிறைச்சித் துண்டு போல நான்கு ஓரமும் மேலே தூக்கிச் சுருண்டு கிடக்கிறது. தோல் தான் ஒரு கன்றின்மேல் இருந்ததை மறப்பதே இல்லை, ஈரம் குடித்தால் மறுபடி அந்த முதுகின் வடிவத்துக்கே போகப் பார்க்கும், இது முதலாண்டு மாணவிக்குத் தெரியும், எனக்குத் தெரியாதா? தங்கம் தங்கம் என்று தங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் அதன் அடியில் இருந்த தோலை மறந்துவிட்டேன். அப்படியே காயவிட்டால் கல்லாகிவிடும், கையால் அழுத்தினாலோ எழுத்து நொறுங்கிவிடும்.

என்னுடைய அலறலைக் கேட்டு உன் அப்பா ஓடி வந்தார், யாரோ துணி கொதிக்கிற கொப்பரையில் விழுந்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். ஈரம் இருக்கும்போதே நாலாபக்கமும் சமமாக இழுத்துப் பிடிக்க வேண்டும், கூடாரம் கட்டுவது போல, ஆனால் மெதுவாக, என்று நான் சொன்னதுதான் தாமதம், மனிதர் உன் பழைய அறைக் கதவைக் கீலோடு கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். கதவின்மேல் தாளை வைத்து, ஓரமெல்லாம் கிளிப் மாட்டி, ஒவ்வொரு கிளிப்பிலும் நூல் கட்டி, நூல் முனையில் அவருடைய பித்தளைக் குழாய்மூட்டுகளைத் தொங்கவிட்டோம். நான் விரலால் தோலைத் தொட்டுத் தொட்டு, வலப்பக்கம் ஒன்று கூட்டு, மேலே ஒன்று குறை என்று சொல்ல, அவர் மாட்டியும் கழற்றியும் கொண்டிருந்தார். "இருபது வருஷமா ஒழுகுற ஊரையே அடைச்சேன், ஒரு கன்னுக்குட்டி என்னை இந்தப் பாடு படுத்துது" என்று முணுமுணுப்பு வேறு. பாய்லரை அணைக்கச் சொன்ன கோபம் அந்தப் புலம்பலிலேயே கரைந்துபோய்விட்டது. மறுநாள் தாள் மேளத்தோல் போல நின்றது. மெருகுக் கல்லால் தேய்த்தேன், எழுத்துகளில் ஜன்னலே தெரிந்தது. ஆனால் அத்தனை இழுப்பில் அடியில் பசை எங்காவது விட்டிருக்குமோ, அது தாளை வளைக்கிறவரை யாருக்கும் தெரியாது. நானே வளைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வழக்கமாகத் தாளைத் தபாலில் அனுப்புவோம், தீர்ப்பும் தபாலில் வரும். இந்த முறை தபாலே இல்லாததால் ஆளே சுமந்துகொண்டு லண்டன் வரச் சொல்லிவிட்டார்கள். காத்திருக்கும் அறையில் வேல்ஸிலிருந்து ஓவன் என்று ஒரு கல்லெழுத்துக்காரர், தான் செதுக்கிய கற்பலகையைக் குழந்தைத் தள்ளுவண்டியில் போர்வை போர்த்திக் கொண்டு வந்திருந்தார். ரயிலில் ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, "தூங்குதா?" என்று கேட்க, இவர், "ஆமாங்க, ரொம்பக் கனமான பிள்ளை" என்றாராம். அவர் மட்டும் அங்கே இல்லாதிருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேன். பிறகு என்னை அழைத்தார்கள், நீளமான மேஜை, வடக்கு ஜன்னல், மிஸ் தாக்வெல் நான் நினைத்ததைவிடக் குள்ளம். தாளைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இரண்டு ஓரத்தையும் பிடித்து வளைத்தார். ஜில், நான் மேஜையின்மேல் விரித்திருந்த கறுப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு பொட்டு விழுந்தாலும் அதில் தெரிந்துவிடும். மறுபக்கமாக வளைத்தார், இன்னும் கொஞ்சம் வளைத்தார், எனக்கு அவர் கையைத் தட்டிவிடலாம் போலிருந்தது. துணி கறுப்பாகவே இருந்தது. ஒரு பொட்டுகூட இல்லை! "தோலை இவ்வளவு நேரா எப்படி நிறுத்தினீங்க?" என்று கேட்டார். கதவு, கிளிப், குழாய்மூட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்காமல், "எத்தனை மூட்டு? எந்த அளவு?" என்று குறித்துக்கொண்டார். பிறகு கழகத்தின் பெயரேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

சேர்ந்த கையோடு அவரவர் பெயரை அவரவரே அந்த ஏட்டில் எழுத வேண்டும், எல்லாரும் பார்த்திருக்க, திருத்தம் கூடாது, அதுதான் அங்கே முறை. எனக்கு வழிகாட்டச் செயலர் பென்சிலால் லேசாகக் குறித்து வைத்திருந்தார், 'திருமதி டென்சில் பேலிஸ்' என்று உன் அப்பாவின் பெயரில். வங்கியிலும் தேவாலயத்திலும் எல்லாரும் என்னை அப்படித்தான் எழுதுகிறார்கள், உன் அப்பாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து எனக்கே அது பழகிவிட்டது. ஆனால் பேனாவை மையில் தோய்த்த கை அப்படியே நின்றுவிட்டது. "என்ன, இறகு சரியில்லையா?" என்றார் மிஸ் தாக்வெல். "இறகு நல்லாத்தான் இருக்கு. பேருதான் என்னோடது இல்லே" என்றேன், எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ. "அப்போ உங்களோடதை எழுதுங்க, மை காயுது" என்றார். பென்சிலை அழித்துவிட்டு 'தெல்மா பேலிஸ்' என்று எழுதினேன். ஊருக்குத் திரும்பியபோது உன் அப்பா நிலையத்தில் நின்றிருந்தார், ரயிலிலிருந்து இறங்கும்போதே என் முகத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. ஏட்டுக் கதையைச் சொன்னேன், கொஞ்சம் தயக்கத்தோடுதான். "நான் ஒரு இறகைக்கூடப் பிடிச்சதில்லே, என் பேருக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்டவர், என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தபடி நடைமேடை முழுக்கக் கேட்கும்படி, "வழி விடுங்க, தெல்மா பேலிஸ் வர்றாங்க" என்று கத்தினார். சுமை தூக்குகிறவர்கூடத் தொப்பியைக் கழற்றினார், எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, மறுபடி ஒருமுறை கத்தமாட்டாரா என்றும் இருந்தது.

நீ நல்லபடியாக இரு கண்ணே, உன் கை தொட்ட நோயாளிகள் எழுந்து நடக்கட்டும், நாய்கள் உனக்குச் சொன்னபடி கேட்கட்டும், கடவுள் உன் தலைமேல் கூரையும் காலில் உலர்ந்த காலுறையும் குறையாமல் வைத்திருக்கட்டும். அப்பா முத்தம் அனுப்பச் சொன்னார். ஒரே ஒரு விஷயம் மறக்காதே, இதுவரை நீயும் உறைகளில் என்னைத் திருமதி டென்சில் என்றுதான் எழுதி அனுப்பியிருக்கிறாய், அடுத்த உறையில் என் பெயரை எழுது, தபால்காரரும் படித்துப் பழகட்டும்.

என்றும் உன் அம்மா,
தெல்மா பேலிஸ்