போனக்காட்டு ஏற்றமும் புது ரேடியேட்டரும்

1953 ஏப்ரல் 26, ஞாயிறு

ஆபீஸ் லீவு. கரமனை ஆற்றங்கரையில் ஜீப்பைக் கழுவினேன். ரேடியேட்டரில் மெக்கானிக் சாம்பசிவன் ஈயம் வைத்து அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புது ஒழுக்கு. மிலிட்டரி ஏலத்தில் இந்த ஜீப்பை எடுத்த நாளிலிருந்து அம்மா கேட்கிறாள், குமாஸ்தாவுக்கு ஜீப் எதற்கென்று.

வீட்டுக்கு வந்தால் போனக்காட்டு மலை எஸ்டேட்டிலிருந்து மைத்துனர் ஆறுமுகநயினாரின் தபால். தங்கை ராஜமணிக்கு ஏழாம் மாசச் சடங்கு மே 24-ந் தேதியாம். அன்றைக்கே அவளைப் பிரசவத்துக்கு இங்கே கூட்டிவர வேண்டும். டாக்ஸிக்காரன் விதுரைக்கு மேலே வரமாட்டான். எஸ்டேட் லாரியில் தேயிலைப் பெட்டிமேல் என் தங்கையை உட்காரவைக்க நான் சம்மதிக்க மாட்டேன். என் ஜீப்தான் போக வேண்டும்.

ஏப்ரல் 27

தூக்கமில்லை. எழுதியே விடுகிறேன்.

போன வருஷம் எட்டாம் மாதத்திலேயே அவளுக்கு வலி கண்டுவிட்டது. தகவல் வந்ததும் ஜீப்பில் மலை ஏறினேன். ஈட்டி மரத்து வளைவில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. ஆறவைத்துத் தண்ணீர் விட்டால் கொஞ்சதூரம், மறுபடி கொதி. கடைசியில் எஸ்டேட் ஆட்கள் அவளை நாற்காலியில் வைத்து என் வண்டி நின்ற இடத்துக்கே சுமந்து வந்தார்கள். குழந்தை அங்கேதான் பிறந்தது. அழவில்லை. நயினார் அந்த மரத்தடியிலேயே அடக்கம் செய்தார்.

ராஜமணி இன்றுவரை அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மே 1

சாலைக் கடைத்தெருவில் சாம்பசிவனின் பட்டறை. மூன்று வழி சொல்கிறான். மதராசுக்கு எழுதி இதே மாதிரி புதிது வரவழைப்பது — எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது. அல்லது உடைத்த மிலிட்டரி லாரியின் ரேடியேட்டர். பார்க்க வீட்டுக் கதவு மாதிரி இருக்கிறது. அல்லது பழைய கூட்டிலேயே குழாய்களை எடுத்துவிட்டு நாலு வரிசையாகப் புதிதாகக் கட்டுவது. இப்போது இருப்பது இரண்டு வரிசை.

"லாரியிலே உள்ளது மதி சாரே, அது போதும். ஒரு குழப்பமும் வராது" என்றான்.

பெரிதாக இருந்தால் போதுமா? சொக்காய் பெரிதென்று யாராவது வாங்குவார்களா?

மே 3

அளந்து பார்த்தேன். லாரி ரேடியேட்டர் வைக்க ஜீப்பின் முகத்தையே வெட்ட வேண்டும். வெட்டினாலும் விசிறிக் காற்று ஒரு மூலைக்குத்தான் போகும். வேண்டாம்.

மே 5

நாலு வரிசை. முடிவு. இனி யாரிடமும் அபிப்பிராயம் கேட்கப் போவதில்லை.

மே 14

மாட்டியாயிற்று. விசிறிக்கும் அதற்கும் ஒரு விரல் இடைவெளி. தம்பானூர் வரை போய் வந்தேன். சூடு காட்டும் முள் அசையவில்லை. வழியில் கண்டவர்களிடமெல்லாம் பானெட்டைத் திறந்து காட்டினேன். கொஞ்சம் அதிகம்தான்.

மே 17, ஞாயிறு

கொதித்துவிட்டது.

பரீட்சைக்காகப் போனக்காட்டு ஏற்றம் ஏறிப் பார்த்ததில், அதே வளைவில். அதே மரத்தடியில். நாலு வரிசையும் மண்ணாங்கட்டியும். ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து ஊற்றி, வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கினேன். இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. நான் என்னத்தைச் செய்ய? அவளை எப்படிக் கூட்டிட்டு வருவேன்? இடவப்பாதிப் பருவமழை வேறு எந்த நாளும் இறங்கலாம்.

மே 18

ஆபீசுக்குப் போகவில்லை. சாம்பசிவனை வாய்க்கு வந்தபடி பேசினேன். அவன் ரேடியேட்டரைக் கழற்றி வைத்தான். முன்பக்கம் மேலே செம்மண்ணும் செத்த பூச்சியும். அடியிலும் அப்படியே. நடுவில் மட்டும் துடைத்துவைத்தது போல் புதுச் செம்பு.

பார்த்துக்கொண்டே நின்றேன். நடுவில் காற்றே படவில்லை.

பலகை. போன வருஷம் அது நடந்த பிறகு அம்மா நேர்ந்துகொண்டு பலாப்பலகையில் 'தாணுமாலயன் துணை' என்று செதுக்கி வண்டியின் முகத்தில், ரேடியேட்டருக்கு நேர் முன்னால், குறுக்கே அடிக்கச் சொன்னாள். அடித்தவன் நான். கும்பிட்டுவிட்டு ஏறுகிறவனும் நான்.

"நான் அப்பவே கண்டேன் சாரே" என்றான் சாம்பசிவன். "சாமி பேராச்சே. எடுக்கணும்னு எந்த வாயாலே சொல்லுவேன்?"

மே 19

அம்மாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள், விளையாடுகிறேன் என்று நினைத்து.

"பேரை எடுத்துட்டு அந்த வண்டியில எம்பிள்ளையை ஏத்தாண்டாம், கேட்டியா."

"பின்பக்கம் வச்சிருவோம்மா."

"சாமி ஒனக்குப் பின்னால வரணுமோ? அது இல்லாம ஏறித்தானே ஒண்ணு போச்சு?"



மே 21

அம்மா பேசவில்லை. சோறு மட்டும் வருகிறது. ஒருவேளை அவள் சொல்வதுதான் சரியோ? எனக்குத் தெரிந்ததெல்லாம் செம்பில் மண் ஒட்டாத ஒரு பட்டை. அதை நம்பியா இரண்டு உயிரை ஏற்றுவது?

மே 23

பலகையைக் கழற்றினேன். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை.

மே 24, ஞாயிறு

சடங்குச் சாமான்களைக் கட்டிக் கொடுத்தாள் அம்மா, அவள் வரவில்லை. "இங்கன இருந்தே கும்பிட்டுக்கிடுகேன்" என்றாள். நெடுமங்காடு, விதுரை, அப்புறம் ஏற்றம். ரோட்டைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்தேன். ஈட்டி மரம் வந்தது, போயிற்று. முள் நடுவிலேயே நின்றது. என்னையறியாமல் அழுதுவிட்டேன்.

சடங்கு முடிந்து மத்தியானம் இறங்கினோம். மேகம் கறுத்துவிட்டது. நயினார் பின்னால், ராஜமணி என் பக்கத்தில். வளைவை எவ்வளவு சீக்கிரம் தாண்டலாம் என்பதே என் நினைப்பு.

"அண்ணே, இங்கன நிறுத்துங்க."

"மழை வருது பிள்ளை."

"நிறுத்துங்க."

நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நயினாரின் கையைப் பிடித்து இறங்கி, மரத்தடியில் போய் நின்றாள். அழவில்லை. திரும்பி வந்து என் பக்கம் நின்று சொன்னாள்:

"எஸ்டேட் லாரியில எத்தனையோ வாட்டி இந்த வழியே போனேன். யாரும் நிறுத்தல்லே. எனக்கும் கேக்க வாய் வரல்லே."

நான் எஞ்சினை அணைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் இருந்துட்டு வா. அவசரமில்லை" என்றேன். அவள் மறுபடி மரத்தடிக்குப் போனாள். நானும் கூடப் போய் அடக்கம் செய்த இடத்தில் நின்றேன், முதல் தடவையாக. தூறல் விழுந்த பிறகுதான் வந்து ஏறினோம்.

ஆகஸ்ட் 14

ராஜமணியையும் குழந்தையையும் இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். பெண். வார்டு முழுக்கக் கேட்கிற குரல்.

அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள். நான் ஸ்டார்ட்டரில் கால் வைத்தேன்.

"ரேடியேட்டர்ல தண்ணி பாத்தியா மக்கா?"

பார்த்திருந்தேன். இருந்தாலும் இறங்கி இன்னொரு தடவை பார்த்தேன்.